புளோக்கின் அடியில் ஒரு தோட்டம்: சிங்கப்பூர்ச் சமூகத் தோட்டத் திட்டம், ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற பெயரில் நடத்திவரும் சமூகத் தோட்டத் திட்டம் 2005-இல் தொடங்கப்பட்டது. இந்த இருபது ஆண்டுகளில் அது அடுக்குமாடிக் குடியிருப்புகள், தனியார் வீட்டுப் பேட்டைகள், பள்ளிகள், அலுவலகங்கள் எனப் பரவி, ஏறத்தாழ 2,000 தோட்டங்களையும் 40,000-க்கும் மேற்பட்ட தோட்ட ஆர்வலர்களையும் கொண்டதாக வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அழகைப் பற்றியே பேசுகிறார்கள்; பரிசு வாங்கிய தோட்டங்களின் படங்களும் காய்த்துத் தொங்கும் புடலங்காயும்தான் நம் கண்ணில் படுகின்றன. நான் இங்கே கேட்க விரும்புவது வேறு. ஒரு பொதுச் சேவை என்ற முறையில் இத்திட்டம் அக்கம்பக்கத்தாருக்கும், குறிப்பாக வளரும் பிள்ளைகளுக்கும், சுற்றுச்சூழலைத் தம் பொறுப்பாகக் கருதும் பழக்கத்தைக் கற்றுத்தருகிறதா? கற்றுத்தருகிறது என்பதே என் மதிப்பீடு. ஆனால் எல்லாத் தோட்டங்களிலும் அல்ல, வேலையையும் வாயிற்கதவின் சாவியையும் பலரோடு பகிர்ந்துகொள்ளும் தோட்டங்களில் மட்டுமே.

இத்திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் பெருமையும் விளங்கும், குறையும் விளங்கும். இந்த நாட்டைத் ‘தோட்ட நகரம்’ ஆக்குவதென்று 1967-இல் பிரதமர் லீ குவான் இயூ அறிவித்தபோது, நட்டதும் நீர் ஊற்றியதும் கத்தரித்ததும் அரசாங்கமே. சாலையோரத்து மழைமரங்கள் நிழல் தந்தன. குடியிருப்பாளர்கள் அந்த நிழலில் நடந்தார்கள். 1971-இல் தொடங்கிய மரநடு நாள் ஆண்டுக்கொரு முறை மண்வெட்டியை மக்கள் கையில் கொடுத்தது என்றாலும், மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மீண்டும் ஊழியர்களிடமே போனது. பசுமை என்பது குழாய்த் தண்ணீர் போல யாரோ வழங்க நாம் பெற்றுக்கொள்ளும் ஒன்றாகவே ஒரு தலைமுறைக்குப் பழகிப்போயிற்று. அந்தப் பழக்கத்தை மாற்றும் முயற்சியாகத்தான் மேஃபேர் பார்க் பேட்டையில் ஒரு முன்னோட்டத் தோட்டம் அமைக்கப்பட்டு, அதன் பின் திட்டம் தீவெங்கும் விரிந்தது.

திட்டம் இயங்கும் விதம் எளிது. குடியிருப்பாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, தம் வட்டாரத்து வசிப்போர் குழுவின் வழியாக இடம் கேட்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம் என்பதால், இடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அதன் ஒப்புதல் தேவைப்படுகிறது. எந்த இடத்தில் வெயில் எத்தனை மணி நேரம் விழும், எந்தச் செடி அங்கே தேறும், பாத்திகளை எப்படி அமைப்பது என்பன பற்றிப் பூங்காக் கழகத்தின் அலுவலர்கள் வந்து ஆலோசனை சொல்கிறார்கள். அதன் பிறகு தோட்டம் அந்தக் குழுவினுடையது. அதாவது, இச்சேவை நமக்குத் தருவது அனுமதியும் அறிவுரையும் மட்டுமே. ஆட்களைச் சேர்ப்பது, முறை வைத்து நீர் ஊற்றுவது, விளைந்ததைப் பங்கிடுவது, சண்டை வந்தால் தீர்ப்பது எல்லாம் நம் பாடு. இப்படி விட்டுவிடுவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில் இதுவே திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம், ஏனென்றால் பொறுப்பு என்பது முழுமையாகக் கைக்கு வந்தால்தான் பொறுப்பு.

எங்கள் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், அருகிலுள்ள தோட்டம், மின்தூக்கிக் கூடத்துக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் இடையில் கிடந்த ஒரு புல்தரையில் அமைந்தது. அடியில் இருப்பது கட்டடம் எழுப்பும்போது கொட்டி இறுக்கிய செம்மண் களி. மழை பெய்தால் வழுக்கும், இரண்டு நாள் வெயில் காய்ந்தால் ஓடு போல வெடிக்கும். ஆகவே எல்லாப் பாத்திகளும் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டப்பட்டு, வாங்கிய மண்ணும் தேங்காய் நாரும் மக்கு உரமும் கலந்து நிரப்பப்பட்டிருக்கின்றன. அங்கே பாண்டான் இலையும் செராய் என்னும் எலுமிச்சைப் புல்லும் லக்சா இலையும் ஒரு பக்கம். கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, துளசி, வெற்றிலைக் கொடி மறுபக்கம். நடுவில் காங்கோங், தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கீரை. வேலியோரத்தில் சங்குப்பூ. முருங்கை ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதை ஆளுயரத்துக்கு மேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பது என்பது குழுவில் பேசி எடுத்த முடிவு.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இங்கே குடியேறிய ஒருவர் முதலில் மறக்க வேண்டியது பட்டம் பார்த்து விதைப்பதை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகலும் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையும் உள்ள தீவில் எந்த மாதத்தில் எதை விதைப்பது என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. எதையும் எப்போதும் விதைக்கலாம்; ஆனால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஓய்வு தரும் குளிரோ கோடையோ கிடையாது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் தக்காளி அழுகும். ஊரில் கொத்தமல்லியைத் தூவிவிட்டுப் போனவருக்கு இங்கே அது நான்கு இலை விட்டதும் சோர்ந்து விழுவதைப் பார்ப்பது வேதனையாகத்தான் இருக்கும். இந்த நிலத்தின் போக்கை இங்கேயே பல காலம் மண்ணில் கைவைத்தவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள முடியும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் இருக்கும் மலாய் மூதாட்டிகளும் சீன முதியவர்களுமே.

பிள்ளைகள் அங்கே எப்படிக் கற்கிறார்கள் என்பதற்குக் கறிவேப்பிலைச் செடி நல்ல சான்று. ‘காமன் மோர்மன்’ எனப்படும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி அதன் தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். இலை மேல் ஏதோ காக்கை எச்சமிட்டிருக்கிறது என்று எண்ணி நாம் கடந்து போய்விடுவோம். பல முறை தோலுரித்த பின் அது பச்சை நிறத்துக்கு மாறும். அந்த நிலையில் விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை நீட்டி ஒருவிதக் காரமான வாடையைப் பரப்பும். எங்கள் தோட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இதைக் கண்டுபிடித்து எல்லோரையும் கூட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் ஒரு சிறு செடியை மொட்டையடிக்கக்கூடிய புழு அது. கிள்ளி எறிவதா, விட்டுவைப்பதா என்று அங்கேயே பேச்சு எழுந்தது. ரசத்துக்கு இலை வேண்டும் என்றார் ஒருவர். கடைசியில் மூன்று கறிவேப்பிலைச் செடிகளில் ஒன்றைப் புழுக்களுக்கென்று ஒதுக்கி, மற்ற இரண்டிலிருந்து புழுக்களை எடுத்து இதில் விடும் வேலை அந்தப் பிள்ளையிடமே ஒப்படைக்கப்பட்டது. மருந்து அடிக்கும் பேச்சு அதோடு நின்றது. எத்தனை பாடப்புத்தகப் படங்கள் காட்டினாலும் உயிர்ப்பன்மை என்பதை ஒரு குழந்தையின் அன்றாட வேலையாக மாற்ற முடியாது; ஒரு செடியை இழக்கச் சம்மதித்த சில பெரியவர்கள் மாற்றினார்கள்.

அதைவிடவும் முக்கியமான பாடம் கொசு. 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். அதுவரை அத்தனை பேரை அந்நோய் ஓர் ஆண்டில் தாக்கியதில்லை. வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தேசியச் சுற்றுப்புற வாரியம் மக்களுக்குச் சொல்லித்தரும் ஐந்து தடுப்புச் செயல்களில், தொட்டியில் இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுவது, வாளிகளைக் கவிழ்த்து வைப்பது ஆகிய முதல் மூன்றும் நேரடியாகத் தோட்டக்காரரின் வேலைகளே. ஆகவே ஒழுங்காக நடக்கும் எந்தச் சமூகத் தோட்டத்திலும் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. வாளியின் விளிம்பு, கவிழ்த்த தொட்டியின் அடிப்பள்ளம், மண்மூட்டை மேல் போர்த்திய தார்ப்பாயின் மடிப்பு, வெட்டிய மூங்கில் கணுவின் குழி என்று பிள்ளைகள் தேடுகிறார்கள். பெரியவர்களைவிட அவர்கள் கண்ணுக்கே அது சீக்கிரம் படுகிறது. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பதால் இந்தச் சுற்றை ஒரு வாரம் தவறவிட்டாலும் அதன் விலை பக்கத்து வீட்டுக்காரரின் காய்ச்சலாக இருக்கலாம். பொறுப்பு என்றால் என்னவென்று சிறுவருக்குப் புரியவைக்க இதைவிடக் கூர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. செடி வாடினால் செடிக்கு மட்டுமே இழப்பு. வாளியில் நீர் தேங்கினால் புளோக்குக்கே இழப்பு.

மக்குத் தொட்டி மூன்றாவது ஆசான். சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் தெற்கே கடலில் உள்ள செமக்காவ் குப்பை நிரப்புநிலத்தில் கொட்டப்படுகிறது. 1999-இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி பள்ளிக் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது, ஆனால் வீட்டின் சமையலறைக் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து எதையும் போட்டுவிட முடிகிற வரை அது கட்டுரைத் தலைப்பாகவே இருக்கும். தோட்டத்தின் மக்குத் தொட்டிக்கு வாழைப்பழத் தோலையும் தேயிலைச் சக்கையையும் கொண்டுவந்து போடுகிற பிள்ளை, ஈரக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு சேர்க்காவிட்டால் நாறும் என்பதையும், சமைத்த சோற்றைப் போட்டால் எலி வரும் என்பதையும் மூக்காலும் கண்ணாலும் தெரிந்துகொள்கிறது. எல்லாத் தோட்டங்களிலும் இந்தத் தொட்டி இல்லை. நாற்றம் பற்றி மேல்மாடிக்காரர்கள் புகார் செய்வார்கள் என்ற அச்சத்தில் பல குழுக்கள் பைகளில் மக்கை வாங்கியே காலத்தை ஓட்டுகின்றன. மக்குத் தொட்டி இல்லாத சமூகத் தோட்டத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை வேலியும் பூட்டும். நான் முன்பு குடியிருந்த வட்டாரத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அதன் பெயரும் இடமும் இங்கே வேண்டாம். இடுப்பளவு வேலிக்குப் பின்னே அருமையான வெண்டையும் அவரையும் விளைந்தன. சாவி இரண்டு பேரிடம் இருந்தது. அவர்கள் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காரணம் கேட்டபோது காய் திருடு போகிறது என்றார்கள், அது பொய்யும் அல்ல. முற்றட்டும் என்று ஒரு மாதம் விட்டுவைத்த பப்பாளி ஒரே இரவில் காணாமற்போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் பொது நிலத்தில், பொதுத் தண்ணீரில், அண்டை வீட்டார் எல்லோரின் பெயரால் நடக்கும் தோட்டம் இரண்டு பேரின் கொல்லையாகிவிட்டால், அதைப் பார்க்கும் பிள்ளை கற்பது பகிர்வதை அல்ல, பூட்டுவதை. எங்கள் தற்போதைய தோட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கதவோரப் பாத்தியில் உள்ள பாண்டான், செராய், கறிவேப்பிலை ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் சமையலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம். உள்ளே இருப்பவை வேலை செய்பவர்களுக்கு. திருட்டு முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் கதவு பகலில் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது குறை, பதின்ம வயதினரைக் காணோம் என்பது. சிறு பிள்ளைகள் தாத்தா பாட்டியின் கையைப் பிடித்து வருகிறார்கள். ஓய்வு பெற்றோர் தாமாகவே வருகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள் பள்ளியின் ‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’ என்னும் சமூகச் சேவைத் திட்டத்தின் பேரில் கூட்டமாக ஒரு சனிக்கிழமை வந்து, புதுக் கையுறை அணிந்து, கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துணைப்பாட வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் நடுவே அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு சனிக்கிழமைதான். ஆனால் நட்ட கன்று எட்டு வாரத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்காதவர்கள் நடவைத் தெரிந்துகொண்டார்களே தவிர வளர்ப்பைத் தெரிந்துகொள்ளவில்லை. முப்பது மாணவர்கள் ஒரு நாள் வருவதற்குப் பதிலாக மூன்று மாணவர்கள் பத்து வாரம் வரும்படி பள்ளிகள் ஏற்பாடு செய்தால் அதே மணி நேரம் வேறு பலன் தரும். தோட்டக் குழுக்களும் இளையரிடம் ஏவல் வேலையை மட்டும் கொடுக்காமல் ஒரு பாத்தியை முழுமையாக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பாத்தி வீணாய்ப் போனாலும் போகட்டும்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறந்த சமூகத் தோட்டங்களுக்குப் பூங்காக் கழகம் விருது வழங்குகிறது. அது ஊக்கம் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடுவர்கள் வரும் வாரத்தில் நாற்றுப் பண்ணையிலிருந்து பூத்த செடிகளை வாங்கிவந்து அடுக்கும் ஆசை எந்தக் குழுவுக்கும் எழும், காய்ந்த கொடியையும் உதிர்ந்த சருகையும் அப்படியே விட்டுவைக்க மனம் வராது. மண்ணுக்குச் சருகு வேண்டும், படத்துக்கு வேண்டாம்.

கூட்டாகச் சேர்ந்து செய்வதில் விருப்பமில்லாதவர்களுக்குப் பூங்காக் கழகம் 2016-இலிருந்து வாடகைப் பாத்தித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள உயர்த்திய பாத்திகள் குலுக்கல் முறையில் மூன்றாண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன. தொடங்கியபோது ஆண்டுக் கட்டணம் பொருள் சேவை வரி நீங்கலாக 57 வெள்ளி. இன்று தீவெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட பாத்திகள் இருந்தும் கேட்பவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பணக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது இலாபமான காரியமல்ல. ஈரச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் நாட்டில், மண்ணும் உரமும் வலையும் வாங்கி, பேருந்துக்கும் செலவழித்து விளைவிக்கும் கீரையின் அடக்க விலை சந்தை விலையைத் தாண்டிவிடும். ஆனால் கற்றல் என்ற கோணத்தில் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கூட்டுத் தோட்டத்தில் செடி செத்தால் காரணம் காட்டப் பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டரைச் சதுர மீட்டரில் செத்தால் அது நம் கைவேலை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பாத்தியைப் பார்க்கும் பிள்ளைக்கு, விடுமுறை செடிக்குக் கிடையாது என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணமும் அப்போதுதான் பிறக்கும். நான் பார்த்தவரை, வாடகைப் பாத்திகளில் உண்டாகும் அண்டைவீட்டு உறவு, ஒரே புளோக்கில் இருபது ஆண்டு வாழ்ந்தும் உண்டாகாத ஒன்று.

2020 ஜூனில், கொவிட் முடக்கத்தை ஒட்டி, வீட்டுக்கே விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பும் திட்டம் வந்தது. முதல் சுற்றில் 1,50,000 வீடுகளுக்கு அனுப்பப்பட்டு, வரவேற்பைப் பார்த்துப் பின்னர் இன்னும் பல வீடுகளுக்கு விரிவாக்கப்பட்டது. அந்த நேரத்துக்கு அது நல்ல ஆறுதலாக இருந்தது. ஆனால் தாழ்வாரத்தில் நான்கு மணி நேர வெயிலும் விழாத வீட்டில் வெண்டை காய்க்காது என்பதை விதை உறையால் சொல்லித்தர முடியாது. முளைத்துக் கொடியாய் நீண்டு வெளுத்துப்போன நாற்றுகளோடு எத்தனையோ வீடுகளில் அந்த முயற்சி நின்றது. விதையை அனுப்புவது சுலபம், கற்றுத்தருகிற பக்கத்து வீட்டுக்காரரை அஞ்சலில் அனுப்ப முடியாதே.

முறையாகக் கற்க விரும்புவோர் போகவேண்டிய இடம் ஹைதராபாத் சாலையில் உள்ள ஹார்ட்பார்க். 2008-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் மாதந்தோறும் ‘கார்டனர்ஸ் டே அவுட்’ என்ற சந்திப்பு நடக்கிறது. செடி விற்பவர்கள், மக்கு தயாரிக்கக் கற்றுத்தருபவர்கள், விதை மாற்றிக்கொள்பவர்கள் அங்கே கூடுகிறார்கள். பூச்சிநோய் தாக்கிய இலையைப் பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டினால் என்ன நோய் என்று சொல்ல ஆள் கிடைக்கும். அந்த ஒரு வசதிக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன். சமூகத் தோட்ட விழாவும் இங்கே நடந்திருக்கிறது. பேச்சும் செய்முறையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பது மட்டும் எனக்கு உறுத்தல். எந்த முதியவர்களின் உழைப்பில் இந்தத் தோட்டங்கள் நிற்கின்றனவோ அவர்களில் பலர் மலாயிலும் மாண்டரினிலும் தமிழிலும்தான் இயல்பாகப் பேசுகிறார்கள்.

முதிர்ந்த வயதையும் இளம் வயதையும் ஒரே இடத்தில் சேர்ப்பதென்றால் எப்படிச் செய்யலாம் என்பதற்கு உட்லண்ட்சில் உள்ள கம்போங் அட்மிரல்டியைப் பார்க்கலாம். மூத்தோருக்கான வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆகியவை ஒரே கட்டடத்தில் அமைய, மேல்தளத்தில் குடியிருப்பாளர்கள் பயிரிடும் தோட்டம் இருக்கிறது. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக இது தேர்வானது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பாட்டியும் மூன்று வயதுப் பேத்தியும் பேருந்து ஏறாமல், சாலை கடக்காமல் ஒரே பாத்திக்கு வந்துசேர முடிகிற அமைப்பு. புதிய பேட்டைகளைத் திட்டமிடுவோர் தோட்டத்தைக் கடைசியில் மிஞ்சிய மூலைக்குத் தள்ளாமல், குழந்தைகள் அன்றாடம் கடந்துபோகும் வழியில் வைத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் வயது வராத சிறு பிள்ளைகளை வைத்திருப்போர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்திலிருந்து தொடங்கலாம். 2007-இல் திறக்கப்பட்டு 2017-இல் நான்கு ஹெக்டருக்கு விரிவாக்கப்பட்ட இத்தோட்டத்தில், சிறுவர்கள் அன்றாடம் தட்டில் பார்க்கும் காய்கனிகளை மண்ணிலும் மரத்திலும் பார்க்கும்படி ஒரு பண்ணைப் பகுதியும் பழத்தோப்பும் இருக்கின்றன. பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் தனியாக உள்ளே போக முடியாது என்பது இங்குள்ள விதி, நல்ல விதி. அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. இங்கே பார்ப்பதுண்டு, செய்வது குறைவு. ஆகவே இதை முன்னுரையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளை ஒரு நீர்ப்பூவாளியைத் தூக்கும் அளவுக்கு வளர்ந்ததும் வீட்டருகிலுள்ள தோட்டத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

அப்படித் தோட்டம் தேடிப் போகிறவர்கள் சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். பகல் பத்துக்கு மேல் வெயிலுக்குப் பயந்து எல்லோரும் கலைந்துவிடுவார்கள். வசிப்போர் குழு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருப்பதைவிட, வேலை செய்துகொண்டிருக்கும் முதியவரிடம் நேரில் போய் ‘உதவிக்கு வரலாமா அங்கிள்’ என்று கேட்பது விரைவில் பலிக்கும். கேட்டுக்கொண்டே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வாளிகள் கவிழ்ந்திருக்கின்றனவா, மக்குத் தொட்டி எங்கே இருக்கிறது, கதவு பகலில் திறந்திருக்குமா, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த வேலை ஏதேனும் உண்டா என்று பார்த்தால், அந்தத் தோட்டத்தில் உங்கள் பிள்ளை என்ன கற்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். பூட்டிய தோட்டம்தான் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறது என்றால், நான்கு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு புல்தரைக்கு விண்ணப்பம் போடலாம். திட்டத்தின் விதிகளில் அதற்கு எந்தத் தடையும் இல்லை.